வீட்டுக்கு ஆர்ஓ மெஷின் தேவையா? கார்வேட்டிநகரம் பக்கம் போர் தண்ணீர் குடிப்பவர்கள் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

உங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்திருக்கலாம். கழுத்தில் டை, கையில் ஒரு சின்னப் பெட்டி. இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டு வாங்குவார். ஒன்றில் உங்கள் வீட்டு போர் தண்ணீர், இன்னொன்றில் அவர் பாட்டிலில் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியை இரண்டு டம்ளரிலும் இறக்கி சுவிட்சைப் போடுவார். கொஞ்ச நேரத்தில் உங்கள் தண்ணீர் பழுப்பாகி, கசடு திரண்டு, பார்க்கவே குமட்டும். அவருடைய தண்ணீர் அப்படியே தெளிவாக இருக்கும். "இதைத்தான்மா இத்தனை நாளா குழந்தைக்குக் குடுத்துட்டு இருந்தீங்க" என்பார்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு யாருக்குத்தான் வேண்டாம் என்று சொல்ல மனசு வரும்? மாதத் தவணைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவோம்.

ஆனால் அந்தக் கசடு உங்கள் தண்ணீரிலிருந்து வரவில்லை. கம்பியிலிருந்து வந்தது. தண்ணீரில் உப்புகள் கரைந்திருந்தால் மின்சாரம் பாயும். மின்சாரம் பாய்ந்தால் இரும்புக் கம்பி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து துருவாகித் தண்ணீரில் கலக்கும். ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் கம்பி கரைவதில்லை. சந்தேகம் இருந்தால் அடுத்த முறை அவர் வரும்போது, அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும்.

அதற்காக ஆர்ஓ மெஷினே ஏமாற்று வேலை என்று சொல்ல வரவில்லை. சில வீடுகளுக்கு அது அவசியம். பல வீடுகளுக்குத் தண்டச் செலவு. உங்கள் வீடு எந்தப் பக்கம் என்பதை அந்த டம்ளர் சொல்லாது.

கார்வேட்டிநகரம் பக்கம் தண்ணீர் எப்படி?

ஒரு காலத்தில் ஜமீன் ஊரான கார்வேட்டிநகரம் இப்போது ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் ஒரு மண்டலத் தலைமையிடம். புத்தூர் ஒரு பக்கம், தமிழக எல்லையில் பள்ளிப்பட்டு இன்னொரு பக்கம். வீட்டுக்குள் தமிழ், கடைவீதியில் தெலுங்கு என்று இரண்டும் கலந்து ஓடும் பகுதி. மழைக்காலத்தில் பக்கத்து கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிட்டார்கள் என்றால் பள்ளிப்பட்டுக்காரர்கள் கொசஸ்தலை ஆற்றங்கரையில் உஷாராகிவிடுவார்கள். ஆனால் வருஷத்தில் பாதிக்கு மேல் அந்த ஆறு மணல்தான். அன்றாடப் பிழைப்பு போர்வெல்லை நம்பித்தான் ஓடுகிறது.

சித்தூர் மாவட்டத்தின் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பது கிரானைட் வகைக் கடினப் பாறை. இந்தப் பாறை, மணல் போலத் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளாது. பாறையின் விரிசல்களில்தான் தண்ணீர் நிற்கும். மேல் விரிசல்கள் வற்ற வற்ற நாம் இன்னும் ஆழமாகத் துளை போடுகிறோம். ஆழத்தில் இருக்கும் தண்ணீர் பல வருஷமாகப் பாறையோடு உரசிக்கொண்டே கிடந்த தண்ணீர். பாறையில் உள்ளதெல்லாம் அதில் கரைந்திருக்கும்: கால்சியம், மெக்னீசியம், சோடியம், சில இடங்களில் ஃபுளோரைடு.

இதில் கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்தால் வருவதுதான் நாம் 'உப்புத் தண்ணி', 'சவுடு தண்ணி' என்று திட்டும் கடினத் தன்மை. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, குக்கர் உள்ளே வெள்ளையாகப் படியும், கீசர் காயில் சீக்கிரம் போகும். எரிச்சலான விஷயம்தான். ஆனால் உடம்புக்குக் கெடுதல் என்று சொல்ல உறுதியான சான்று இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. 'உப்புத் தண்ணி குடிச்சா கிட்னில கல்லு வரும்' என்று ஊரே சொல்லும். கல் வருவதற்கு நன்கு தெரிந்த காரணங்களில் ஒன்று வெயிலில் வேலை செய்துவிட்டுப் போதுமான தண்ணீர் குடிக்காமல் இருப்பது. ருசி பிடிக்காமல் தண்ணீரையே குறைத்துக்கொள்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் அது.

நாக்கு கண்டுபிடிக்காத பிரச்னை

உண்மையான கவலை ஃபுளோரைடு. அதற்கு ருசி இல்லை, வாசனை இல்லை, நிறம் இல்லை. 'எங்க போர் தண்ணி தேங்காய் தண்ணி மாதிரி இருக்கும்' என்று பெருமைப்படும் தண்ணீரிலும் அது இருக்கலாம். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டதே இதே ஆந்திராவில்தான். 1937-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில், முதுகும் மூட்டுகளும் விறைத்துப்போன விவசாயிகளைப் பரிசோதித்த மருத்துவர்கள் கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடுதான் காரணம் என்று பதிவு செய்தார்கள். ஃபுளோரைடு காணப்படும் மாவட்டங்களின் பட்டியலில் சித்தூரும் இருக்கிறது. மாவட்டம் முழுக்க ஒரே மாதிரி இல்லை. ஒரு தெருவில் ஒரு போரில் அளவுக்கு மேல் இருக்கும், நாலு வீடு தள்ளி இருக்காது. பாறை விரிசல் அப்படி.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500. அதன்படி ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லை என்றால் 1.5 வரை. அதைத் தாண்டிய தண்ணீரைப் பல வருஷம் குடித்தால் முதலில் பாதிக்கப்படுவது குழந்தைகளின் பற்கள். ஈறுக்குள் நிரந்தரப் பற்கள் உருவாகும் வயது, ஏறக்குறைய 8 வயது வரை. அந்தச் சமயத்தில் ஃபுளோரைடு அதிகமானால் பல் முளைக்கும்போதே வெள்ளைத் திட்டு, பிறகு பழுப்புக் கோடு. தேய்த்தாலும் போகாது, பிறகு நல்ல தண்ணீர் குடித்தாலும் திரும்பாது. அளவு 3, 4 மில்லிகிராம் என்று ஏறி, அதையே வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும். நம் ஊர் வெயிலில் வயலில் நிற்பவர் ஒரு நாளைக்கு 4, 5 லிட்டர் குடிப்பார் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று நைட்ரேட். உர மூட்டையிலிருந்தும் செப்டிக் டேங்கிலிருந்தும் நிலத்தடிக்கு இறங்குவது. லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. இதற்குத் தளர்வே கிடையாது. புட்டிப்பால் கலக்கும் தண்ணீரில் இது அதிகமாக இருந்தால் பச்சிளங்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து உடம்பு நீலம் பாரிக்கலாம். போருக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவில் இருபது அடிகூட இல்லாத வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட வீடு உங்களுடையது என்றால் இந்த எண்ணை முதலில் பாருங்கள்.

டிடிஎஸ் மீட்டர் போதுமா?

போதாது. பேனா மாதிரி இருக்கும் அந்த மீட்டர், கரைந்துள்ள மொத்த உப்பு எவ்வளவு என்று தோராயமாகச் சொல்லும், அவ்வளவுதான். எந்த உப்பு என்று சொல்லாது. 900 காட்டும் தண்ணீரில் வெறும் கால்சியம் மட்டும் இருக்கலாம். 450 காட்டும் தண்ணீரில் ஃபுளோரைடு 2.5 இருக்கலாம். கிருமிகளை அது பார்க்கவே பார்க்காது. சாக்கடை கலந்த தண்ணீரிலும் மீட்டர் 'நல்ல' எண்ணைக் காட்டும்.

ஐஎஸ் 10500-ன்படி டிடிஎஸ் 500 வரை நல்லது. மாற்று நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. விற்பனையாளர்கள் சிலர் 300-ஐக் காட்டியே 'ஐயையோ' என்பார்கள். அதில் பயப்பட ஒன்றுமில்லை.

தண்ணீரை எங்கே சோதிப்பது?

மெஷின் கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை இதுதான். ஆந்திராவில் கிராமக் குடிநீரைப் பார்த்துக்கொள்வது ஊரக நீர் வழங்கல் துறை. எல்லோரும் 'ஆர்டபிள்யூஎஸ் ஆபீஸ்' என்பார்கள். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ், அரசின் நீர்ப் பரிசோதனைக் கூடங்களில் பொதுமக்களும் சிறு கட்டணத்தில் தங்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதித்துக்கொள்ள வழி இருக்கிறது. எங்கே, யாரிடம் கொடுப்பது என்று உங்கள் கிராம சச்சிவாலயத்தில் இருக்கும் பொறியியல் உதவியாளரிடம் கேளுங்கள். கிராமத்துக்கு 5 பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைப் பயன்படுத்தக் கற்றுத்தர வேண்டும் என்பதும் அதே திட்டத்தின் ஒரு பகுதி. உங்கள் ஊரில் அவர்கள் யார் என்று விசாரித்தால் முதல் கட்டச் சோதனை வீட்டு வாசலிலேயே முடிந்துவிடும்.

கேட்க வேண்டியவை: டிடிஎஸ், கடினத் தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு, கிருமி. 'எல்லாம் ஓகே' என்ற வாய் வார்த்தை வேண்டாம். எண்களோடு தாளில் வாங்குங்கள்.

தண்ணீர் பிடிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. போரை 10 நிமிஷம் ஓடவிட்ட பிறகு பிடிக்க வேண்டும். ரசாயனச் சோதனைக்கு சுத்தமான 1 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் போதும். அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டு நிரப்புங்கள். கிருமிச் சோதனைக்கு மட்டும் கூடத்திலிருந்து கிருமி நீக்கிய பாட்டில் வாங்கி, பிடித்த தண்ணீரை ஐஸில் வைத்து, தாமதிக்காமல் கொண்டுபோக வேண்டும். கிருமிக்கு இன்னொரு எளிய வழி, குவாலியரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடம் 1982-ல் உருவாக்கிய எச்2எஸ் குப்பி. குறியீடு வரை தண்ணீர் ஊற்றி வீட்டிலேயே வைத்துவிட்டால், மலக் கிருமி கலந்த தண்ணீர் ஒன்றிரண்டு நாளில் கறுத்துவிடும்.

பஞ்சாயத்துக் குழாய் தண்ணீரையும் தனியாகச் சோதியுங்கள். குழாயில் வந்தாலே ஆற்றுத் தண்ணீர் என்று அர்த்தமில்லை. பல கிராமங்களில் பஞ்சாயத்து போரிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றி விடுவதுதான் குழாயில் வருகிறது. ஆனால் உங்கள் போரில் ஃபுளோரைடு இருந்து பஞ்சாயத்து போரில் இல்லை என்றால், மெஷினே வேண்டாம். குடிக்கவும் சமைக்கவும் நாலு குடம் குழாய் தண்ணீர், மற்றதற்கெல்லாம் போர் தண்ணீர். பல வீடுகளில் பாட்டிமார்கள் ஏற்கெனவே இப்படித்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

எந்த மெஷின் எதை எடுக்கும்?

தண்ணீரில் இருக்கும் பிரச்னை கண்ணுக்குத் தெரியும் கலங்கலா, உயிருள்ள கிருமியா, கரைந்த உப்பா? இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கலங்கலுக்கும் துருவுக்கும் சாதாரண நூல் ஃபில்டர், பழைய காலத்து மெழுகுவர்த்தி ஃபில்டர் போதும். குளோரின் வாடை, மண் வாடைக்குக் கார்பன் ஃபில்டர்.

கிருமிக்கு யுவி விளக்கு அல்லது யுஎஃப் சவ்வு. யுவி, புற ஊதாக் கதிரால் கிருமியைச் செயலிழக்கச் செய்யும். தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும், கரண்ட் இருக்க வேண்டும். யுஎஃப் என்பது மெல்லிய குழாய் இழைகளால் ஆன சல்லடை மாதிரி. பாக்டீரியாவைப் பிடித்துக்கொள்ளும், கரண்ட் தேவையில்லை. கரண்ட் போய்ப் போய் வரும் கிராமத்துக்கு யுஎஃப் வசதி. இரண்டுமே தண்ணீரை வீணாக்காது. இரண்டுமே கரைந்த உப்பைத் தொடாது. ஃபுளோரைடும் நைட்ரேட்டும் அப்படியே இருக்கும்.

கரைந்ததை எடுக்க ஆர்ஓ. தண்ணீரை அழுத்தம் கொடுத்து ஒரு சவ்வு வழியாகத் தள்ளுவார்கள். தண்ணீர் போகும், உப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தங்கிவிடும். இந்தச் சவ்வை நடைமுறைக்கு ஏற்றதாக 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கிய இருவரில் ஒருவர் இந்தியாவில் பிறந்த ஸ்ரீனிவாச சௌரிராஜன். இன்னொருவர் சிட்னி லோப். கலிபோர்னியாவில் உப்பு நிலத்தடி நீரால் அவதிப்பட்ட கோலிங்கா என்ற ஊருக்கு 1965-ல் இதே முறையில் குடிநீர் கிடைத்தது. வேறு நல்ல தண்ணீர் இல்லாத ஊருக்காகப் பிறந்த தொழில்நுட்பம்தான் இன்று எல்லா வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது.

சரி, காய்ச்சினால் போதாதா? கிருமிக்குப் போதும். தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தாலே பாக்டீரியாவும் வைரஸும் சாகும். ஆனால் ஃபுளோரைடு ஆவியாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது செறிவாகத்தான் ஆகும். 'நாங்க காய்ச்சித்தான் குடிக்கிறோம்' என்ற நிம்மதி ஃபுளோரைடு உள்ள வீட்டுக்குச் செல்லாது.

ஆர்ஓவால் என்ன நஷ்டம்?

முதல் நஷ்டம் தண்ணீர். சாதாரண வீட்டு மெஷின் 1 லிட்டர் நல்ல தண்ணீருக்கு 2 முதல் 3 லிட்டரைக் கழிவாக வெளியே தள்ளும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு 20 லிட்டர். 1-க்கு 3 என்றால் 60 லிட்டர் வெளியே. ஜல் ஜீவன் திட்டம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு வைத்திருக்கும் மொத்த அளவே 55 லிட்டர். அதாவது உங்கள் வீட்டில் கண்ணுக்குத் தெரியாமல் இன்னொரு ஆள் குடியிருக்கிறார். வருஷத்துக்கு 21,900 லிட்டர். 5,000 லிட்டர் டேங்கர் நாலுக்கும் மேல். ஏப்ரலில் போர் காற்று வாங்கும்போதுதான் இது உறைக்கும்.

தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதம், டிடிஎஸ் 500-க்குக் கீழே உள்ள இடங்களில் வீட்டு ஆர்ஓவைத் தடை செய்யவும், மற்ற இடங்களில் குறைந்தது 60 சதவீதத் தண்ணீரையாவது மெஷின் மீட்க வேண்டும் என்று விதி கொண்டுவரவும் சொன்னது இந்தக் காரணத்தால்தான். அதன் பிறகு விஷயம் நீதிமன்றம், விதிமுறை என்று நீண்டது. ஆனால் வாங்கும் நீங்கள் கேட்பதற்கு யார் அனுமதியும் வேண்டாம்: "எத்தனை சதவீதம் மீட்கும்? எழுதிக் கொடுப்பீங்களா?"

கழிவுத் தண்ணீரைச் செடிக்கு விடலாம் என்று சொல்வார்கள். கொஞ்சம் பொறுங்கள். உங்கள் போர் தண்ணீர் டிடிஎஸ் 800 என்றால், 1-க்கு 3 கழிவில் அது ஏறக்குறைய 1,050 ஆகிறது. சரிபாதி மீட்கும் நல்ல மெஷின் என்றால் கழிவு 1,550. மெஷின் எவ்வளவு நல்லதோ, கழிவு அவ்வளவு உப்பு. வீடு துடைக்க, கழிப்பறைக்கு, பாத்திரத்தை முதல் அலசலுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். தென்னைக்கு எப்போதாவது பரவாயில்லை. தொட்டியில் வைத்த ரோஜாவுக்கும் மல்லிக்கும் தினம் ஊற்றினால் மண் வெளுத்து இலை கருகும்.

இரண்டாவது, தாது உப்பு. கேன் தண்ணீரையும் ஆர்ஓ தண்ணீரையும் நாம் 'மினரல் வாட்டர்' என்கிறோம். உண்மையில் மினரலை எடுத்துவிட்ட தண்ணீர். உலக சுகாதார நிறுவனம் 2005-ல் வெளியிட்ட ஒரு தொகுப்பில், தாது நீக்கிய தண்ணீரைத் தொடர்ந்து குடிப்பது பற்றிய அத்தியாயம் கால்சியம் லிட்டருக்கு 20 மில்லிகிராமாவது, மெக்னீசியம் 10 மில்லிகிராமாவது இருப்பது நல்லது என்கிறது. பாலும் கேழ்வரகும் கீரையும் நன்றாகச் சாப்பிடும் வீட்டுக்கு இது பெரிய விஷயமில்லை. டிடிஎஸ் 20, 30 என்று இறக்கிவிட்டு 'ரொம்ப ப்யூர்' என்று பெருமைப்படுவதில் மட்டும் அர்த்தமில்லை.

இந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் 'டிடிஎஸ் கன்ட்ரோலர்' வந்தது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், தெரியாமலேயே. அந்தத் திருகு என்ன செய்கிறது தெரியுமா? ஆர்ஓ சவ்வு வழியாகப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் எடுத்து நல்ல தண்ணீரில் கலக்கிறது. கால்சியம் திரும்பி வரும், கூடவே ஃபுளோரைடும் திரும்பி வரும். உங்கள் போரில் ஃபுளோரைடு 3 என்று வையுங்கள். சவ்வைத் தாண்டி வருவது 0.2. பாதிக்குப் பாதி கலந்தால் டம்ளரில் 1.6. அனுமதித்த எல்லைக்கு மேலே! ஆயிரக்கணக்கில் செலவு செய்து, எதற்காக மெஷின் வாங்கினீர்களோ அதையே திரும்பக் குடிப்பது. ஃபுளோரைடு அல்லது நைட்ரேட் உள்ள வீட்டில் அந்தத் திருகை முழுதாக மூடிவைக்கச் சொல்லுங்கள். தாது வேண்டுமென்றால் தனியாகக் கால்சியம், மெக்னீசியம் சேர்க்கும் கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. அது வேறு சமாச்சாரம்.

'ஆல்கலைன்' தண்ணீர் என்று கூடுதல் விலை சொன்னால் அதைத் தாராளமாகத் தவிர்க்கலாம். குடித்த தண்ணீர் வயிற்று அமிலத்தில் கலந்துவிடும். ரத்தத்தின் காரத்தன்மையை நுரையீரலும் சிறுநீரகமும்தான் பார்த்துக்கொள்கின்றன.

மூன்றாவது, பராமரிப்பு. விலைச்சீட்டில் தெரியாத செலவு இதுதான். ஃபில்டர்களை ஏறக்குறைய வருஷத்துக்கு ஒரு தடவை, கலங்கல் தண்ணீர் என்றால் இன்னும் சீக்கிரம் மாற்ற வேண்டும். கடினத் தண்ணீரில் சவ்வு அடைத்துக்கொள்ளும். பஞ்சாயத்துத் தண்ணீரில் வரும் குளோரின் சவ்வைக் கெடுக்கும். முன்னால் இருக்கும் கார்பன் ஃபில்டரை மாற்றாமல் விட்டால் சவ்வும் போகும். சரி, கார்பன் குளோரினை எடுத்துவிடுகிறதே, நல்லதுதானே? ஒரு சிக்கல் இருக்கிறது. குளோரின் போன பிறகு மெஷினின் உள்தொட்டியில் நிற்கும் தண்ணீருக்குக் காவல் இல்லை. ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தால், உள்ளே நின்ற தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடியுங்கள்.

கேன் தண்ணீர் வாங்கினால் என்ன?

ஆந்திராவில் 2014 அக்டோபர் 2 அன்று தொடங்கிய என்டிஆர் சுஜல ஸ்ரவந்தி திட்டம், 20 லிட்டர் ஆர்ஓ தண்ணீர் 2 ரூபாய் என்று அறிவித்தது. ஊர் ஊராக வாட்டர் பிளான்ட் பழக்கம் பரவியதில் அதற்கும் பங்கு உண்டு. யோசித்துப் பார்த்தால், ஊருக்கு ஒரு பெரிய பிளான்ட் நன்றாக நடந்தால் நூறு வீட்டில் நூறு மெஷின் இருப்பதைவிட மேல். ஒரே இடத்தில் பராமரிக்கலாம், கழிவையும் ஒரே இடத்தில் கையாளலாம். 'நன்றாக நடந்தால்' என்பதுதான் முக்கியம். கேன் எப்படிக் கழுவுகிறார்கள், கடைசியாக எப்போது சோதித்தார்கள், அறிக்கை சுவரில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிளான்ட் தண்ணீரையும் ஒரு தடவை உங்கள் பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குக் கொடுத்தால் யாரும் தடுக்கப்போவதில்லை.

வீட்டிலேயே ஃபுளோரைடுக்கு ஆர்ஓ மட்டும்தான் வழி என்றும் இல்லை. நாக்பூரில் உள்ள நீரி ஆய்வகம், படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து ஃபுளோரைடைப் படியவைக்கும் முறையை உருவாக்கியது. பெயரே நல்கொண்டா முறை. ஆக்டிவேட்டட் அலுமினா என்ற குருணை நிரப்பிய ஃபில்டர், கரண்டும் கழிவும் இல்லாமல் ஃபுளோரைடை இழுத்துக்கொள்ளும். சில மாதத்துக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்க வேண்டும். அந்தப் புதுப்பித்தலைச் செய்து தர அருகில் ஆள் இல்லையென்றால் அது ஷோகேஸ் பொம்மைதான்.

பக்கத்துத் தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது. அங்கே ஃபுளோரைடுக்கு அரசு கொடுத்த பதில் வீட்டுக்கு வீடு மெஷின் அல்ல, காவிரித் தண்ணீர். கார்வேட்டிநகரம் பக்கத்திலும் ஊர்க்கூட்டத்தில் கேட்க வேண்டியது முதலில் அதுதான் என்பது என் எண்ணம்: பாறையில் நின்ற தண்ணீருக்குப் பதில், அணையிலோ ஏரியிலோ நின்ற தண்ணீரைச் சுத்திகரித்துத் தாருங்கள்.

மழைத் தண்ணீரை மறக்க வேண்டாம். அதில் ஃபுளோரைடு ஏறக்குறைய இல்லை. 500 சதுர அடி மொட்டை மாடியில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால், சிந்தியது போக 3,700 லிட்டர் தேறும். மேலே சொன்ன 20 லிட்டர் கணக்கில் அது 6 மாதம். மாடியைக் கூட்டி, முதல் மழையை வெளியே விட்டு, மூடிய தொட்டியில் பிடித்து, குடிக்கும்போது காய்ச்சிக்கொண்டால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் பெய்யும் மழைக்குத் தொட்டிதான் குறை.

அறிக்கை கைக்கு வந்த பிறகு

டிடிஎஸ் 500-க்குள், ஃபுளோரைடு 1-க்குள், கிருமி இல்லை என்றால் மெஷின் வேண்டாம். மேல்தொட்டியை மாதம் ஒரு முறை கழுவுங்கள். கிருமி இருந்தால் யுவி அல்லது யுஎஃப், இல்லாவிட்டால் காய்ச்சுங்கள். கூடவே கிருமி எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். டிடிஎஸ் 500-க்கும் 1,000-க்கும் நடுவில், மற்றதெல்லாம் சரி என்றால் அது ருசி சம்பந்தப்பட்ட முடிவு. பிடித்தால் வாங்கலாம், வாங்காவிட்டால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. துணி துவைக்கவும் குளிக்கவும்தான் கஷ்டம் என்றால் அதற்கு ஆர்ஓ அல்ல, கடினத் தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர்.

ஃபுளோரைடு 1.5-க்கு மேல் அல்லது நைட்ரேட் 45-க்கு மேல், நல்ல மாற்றுத் தண்ணீரும் இல்லை என்றால் ஆர்ஓ வாங்குங்கள். தயங்க வேண்டாம், குறிப்பாக வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால். ஆனால் குடிக்க மட்டும் ஆர்ஓ, சோறு வடிக்க போர் தண்ணீர் என்று பிரிக்காதீர்கள். அரிசியும் பருப்பும் தண்ணீரைக் குடித்துத்தான் வேகின்றன. சாம்பாரிலும் டீயிலும் போவது அதே ஃபுளோரைடுதான்.

மெஷின் மாட்டிய அன்றே உள்ளே போகும் தண்ணீரின் டிடிஎஸ்ஸையும் வெளியே வரும் தண்ணீரின் டிடிஎஸ்ஸையும் அளந்து, தேதியோடு மெஷின் பக்கத்துச் சுவரில் எழுதிவையுங்கள். 800 உள்ளே போய் 60 வெளியே வந்தது, ஆறு மாதம் கழித்து 160-ஐத் தாண்டுகிறது என்றால், கன்ட்ரோலர் திருகு மூடித்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு சவ்வை மாற்றச் சொல்லுங்கள். இதற்கு மட்டும் அந்தப் பேனா மீட்டர் உதவும். சர்வீஸ் ஆள் வந்து 'எல்லாத்தையும் மாத்தணும்' என்றால் அந்த எண்களைக் காட்டுங்கள், பேச்சு சுருங்கும். போர் தண்ணீரை மட்டும் அடுத்த மே மாதம் இன்னொரு தடவை சோதனைக்குக் கொடுங்கள். மழைக்குப் பிறகு எடுத்த எண்ணும் கோடையில் எடுத்த எண்ணும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.